பிலோமினம்மாள் சிகரெட் குடித்த கதை

பிலோமினம்மாளுக்குக் களைப்பு என்பது வந்து போகிற விருந்தாளி அல்ல, வீட்டு ஆள். தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் காலையில் அவளுக்கு முன்பே எழுந்துவிடும். பேருந்தில் அவள் மடியில் உட்கார்ந்து தேக்கா சந்தை வரை வரும். பஃபலோ ரோட்டில் தங்கத்தின் பூக்கடையில் அவள் முக்காலியைப் போட்டு மல்லிகைச் சரம் தொடுக்க உட்கார்ந்தால், அது இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாதாவிடம் மன்றாடுகிறவள், மற்ற நாளெல்லாம் காளியம்மனுக்கு மாலை கட்டிக் கொடுத்தாள். இதில் முரண்பாடு இருப்பதாக அவள் நினைத்ததில்லை. காளியம்மன் நினைத்ததாகவும் தகவல் இல்லை. கடைக்காரி தங்கம் மட்டும் எப்போதாவது சீண்டுவாள்.

"ஏன் பிலோமி, உங்க மாதாவுக்கு இப்படி ஒரு மாலை கட்டியிருக்கியா?"

"எங்க மாதா கேக்கமாட்டாக்கா. உங்க அம்மாதான் வெள்ளிக்கிழமை தவறாம கேக்குறா."

அவள் புருஷன் சிலுவைராஜுக்கு விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை. எழுபதுகளில் பாய லேபாரில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவர், விமான நிலையம் சாங்கிக்குப் போனபோது தாமும் சாங்கிக்குப் போய் அங்கே ஒட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை, மேலே ஒட்டியதைப் பார்த்துத்தான் உலகம் நடக்கிறது என்பது அவர் தத்துவம். ஒரே ஒருமுறை, முந்தைய பயணத்தின் லேபிளைக் கிழிக்காமல் விட்டதால், பெர்த்துக்குப் போகவேண்டிய ஊறுகாய்ப் பெட்டி பிராங்க்பர்ட்டுக்குப் போய்விட்டது. அதன் பிறகு பழைய லேபிள் எதைக் கண்டாலும், வீட்டு ஜாம் போத்தலாக இருந்தாலும், நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

சிகரெட்டை மட்டும் அவரால் சுரண்டி எறிய முடியவில்லை. பேருந்தில் புகைக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, புகைத்தபடி வீட்டுக்கு நடந்தார். "உடம்புக்கு நடை நல்லது பிலோமி" என்றார்.

எண்பத்தாறில் அவருக்கு மலத்தில் இரத்தம் போயிற்று. மூலம் என்று சொல்லிப் பல மாதம் மறைத்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். ஒரு முழம் குடலை வெட்டி எடுக்கவேண்டும் என்றார்கள். தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது சிலுவைராஜ் வாய்விட்டுக் கத்தினார்.

"அந்தோனியாரே, என்னை உயிரோட எழுப்பிவிட்டுடு! இனிமே சிகரெட்டைக் கையால தொடமாட்டேன்!"

நேர்ச்சை என்பது மனசுக்குள் செய்துகொள்ள வேண்டியது. அப்படிச் செய்திருந்தால் புனிதர் ஒருவரோடு பேசித் தீர்த்திருக்கலாம். இவர் செய்தது வார்டு முழுக்கக் கேட்டது. அந்த வார்டில் தாதியாக இருந்த அல்போன்சம்மாளுக்கும் கேட்டது. அவள் இவர்கள் பங்குக்கோயிலைச் சேர்ந்தவள். அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் யாருக்காவது தும்மல் வந்தால், அவர்கள் கைக்குட்டை எடுக்குமுன் அவளுக்குச் செய்தி போய்விடும்.

சிலுவைராஜ் பிழைத்தார். சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னார், எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சிகரெட்டை விடமுடியாத ஆண்களை அவரவர் மனைவிமார் அவரிடம் கூட்டி வந்தார்கள். சிலுவைராஜ் அவர்கள் தோளில் கைவைத்து, "மனசுதான் தம்பி, எல்லாம் மனசுதான்" என்பார். இரண்டு பேர் உண்மையாகவே விட்டும்விட்டார்கள்.

அடுத்த வருஷமே அவர் திரும்பத் தொடங்கிவிட்டார்.

பிலோமினம்மாளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தது கிராம்பு. பூக்கடையிலிருந்து அவளைக் கூட்டிப் போக வருகிற நாளெல்லாம் அவர் வாயில் கிராம்பு மணத்தது. பல் வலி என்றார். பல் வலிக்கிறவன் கிராம்பை வலிக்கிற பல்லில் மட்டும் அடக்கிக்கொள்வான். இவர் இரண்டு பக்கமும் மென்றார். நாள் முழுக்க மல்லிகைக்கும் மரிக்கொழுந்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறவளின் மூக்குக்கு, கிராம்புக்கு அடியில் பதுங்கியிருப்பது என்னவென்று தெரியாதா? கடை முனை திரும்பினால் ஜமால் முகம்மதுவின் பெட்டிக்கடை. அங்கே சிகரெட் ஒற்றை ஒற்றையாகக் கிடைக்கும்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. முதலில், களைப்பு. கேட்டால் சண்டை, சண்டைக்குப் பின் சமாதானம், சமாதானத்துக்கு மீன் வறுக்கவேண்டும். பிறகு, இரக்கம். குடலில் ஒரு முழம் போனவனுக்கு, பீர் போனவனுக்கு, உறைப்புப் போனவனுக்கு, திருட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் மிஞ்சியிருந்தால் இருக்கட்டுமே. கொஞ்சநாளில் அவர் மறைப்பதும் அவள் கண்டுகொள்ளாமலிருப்பதும் வீட்டில் இன்னொரு நாற்காலி மாதிரி ஆகிவிட்டன. இடித்துக்கொள்ளாமல் நடக்க இருவரும் பழகிக்கொண்டார்கள்.

எண்பத்தொன்பதில் அந்த நாற்காலி காலை வாரியது.

அறுவைக்குப் பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை சிலுவைராஜின் இரத்தத்தை எடுத்துச் சோதிப்பார்கள். பார்த்தவர் டாக்டர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். நோயாளியிடம் எதையும் மறைக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அதனாலோ என்னவோ நோயாளிகள் அவரிடம் எல்லாவற்றையும் மறைத்தார்கள். அந்த முறை அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண் ஏறிக்கொண்டு வருகுது. போன முறையும் ஏறினது. அஞ்சுக்குள்ள இருக்கவேணும், இப்ப ஏழு."

"என்ன எண்ணு டாக்டர்?" என்றாள் பிலோமினம்மாள்.

"சொல்லுறன், இருங்கோ. குடல்ல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் மேற்புறத்தில விதம் விதமான புரதம் இருக்குது. சிலது கை மாதிரி, பக்கத்துச் செல்லைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். சிலது காது மாதிரி, 'வளர்' எண்டு உடம்பு சொன்னால் கேக்கும். புத்துநோய் பிடிச்ச செல்லுக்குக் கை தளர்ந்திடும். காது கூர்மையாகிடும், ஆரும் சொல்லாமலே சத்தம் கேக்கத் தொடங்கும். அது வளரும், பிடியை விடும், இரத்தத்தில இறங்கி ஈரலுக்குப் போகும். விளங்குதோ?"

பிலோமினம்மாளுக்கு விளங்கியது. கல்யாணமான கையோடு ஊர்க்கோடி மார்சிலிங்குக்குக் குடிபோன மகன் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தான். பிடி தளர்ந்ததும், காது கூர்மையானதும், அந்தக் காதில் யார் பேசுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாததில்லை.

"நாங்கள் அளக்கிறது இன்னொரு புரதம்" என்றார் டாக்டர். "தாயின்ர வயித்தில இருக்கிற பிள்ளையின்ர குடல்ல அது நிறைய இருக்கும். பிறந்தாப் பிறகு வேலையில்லை, குறைஞ்சிடும். புத்துச் செல் அதைத் திரும்பவும் நிறைய எடுத்து மேல போட்டுக்கொள்ளும். உதிர்ந்து இரத்தத்திலயும் வரும்."

சிலுவைராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழைய லேபிள்! கிழிக்காம விட்டா பெட்டி தப்பான ஊருக்குப் போயிரும் லா."

"அப்பிடியும் சொல்லலாம்" என்றார் டாக்டர். நோயாளி ஒருவர் தம் பேச்சைக் கேட்டதில் அவருக்கே ஆச்சரியம். "ஆனால் உங்கட லேபிள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். இது பசையாயும் வேலை செய்யுது எண்டு இப்பத்தான் எழுதியிருக்கினம். ஒரு செல்லை இன்னொண்டோட ஒட்டவைக்கும். இஞ்ச வீட்டை விட்டு ஓடினது அங்க ஈரல்ல போய் ஒட்டிக்கொள்ள அதுவும் உதவக்கூடும். முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது."

ஓடுவதற்கும் ஒன்று, ஒட்டுவதற்கும் ஒன்று. மனுஷன் உடம்புக்குள்ளேயே இவ்வளவு குடும்ப அரசியல் நடக்கும்போது வெளியே சமாதானம் எப்படி வரும் என்று பிலோமினம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"ஸ்கேன்ல ஈரல் சுத்தம். எக்ஸ்ரேயிலயும் ஒண்டுமில்லை. ஆனால் எண் ஏறுது. ஒரு விஷயம் கேக்கவேணும். புகைக்கிறவைக்கும் இந்தப் புரதம் கொஞ்சம் கூடித்தான் இருக்கும். நீங்கள் புகைக்கிறனீங்களோ?"

"சேச்சே! அந்தோனியாருக்கு நேந்துக்கிட்டு விட்டுட்டேன் டாக்டர். கோயில்ல யார வேணாலும் கேளுங்க."

கோயிலில் போய்க் கேட்க அவசியமில்லாமல் போயிற்று. அல்போன்சம்மாள் இப்போது இந்த அறைக்கு மாறி வந்து, கதவருகே மருந்துத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா டாக்டர். எங்க சாமியார் பிரசங்கத்துலயே சொன்னாரு. இவரப் பாத்து எத்தனை பேரு திருந்தியிருக்காங்க!"

டெட்டால் வாசனையையும் மீறி அறைக்குள் கிராம்பு மணத்தது. பிலோமினம்மாள் தரையைப் பார்த்தாள். தரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"அப்பிடியெண்டால் வேற வழியில்லை" என்றார் டாக்டர். "நோய் திரும்பி வந்து எங்கேயோ ஒளிச்சிருக்குது. வயித்தைத் திரும்பத் திறந்து பாக்கவேணும். சின்னதா இருக்கேக்க பிடிச்சால் நல்லது. ஒண்டுமில்லாட்டித் தைச்சுப்போட்டு விடுவம்."

தைத்துவிடுவார்களாம். போன முறை தைத்தது பிரிந்து சீழ் பிடித்து, அவர் எலும்பும் தோலுமாக வீடு வந்ததை அவள் மறக்கவில்லை. இன்னொரு முறை அந்தக் கத்தியை அவர் உடம்பு தாங்குமா என்பது டாக்டருக்கே சந்தேகம் என்பது, கழற்றிய கண்ணாடியை அவர் திரும்ப மாட்டாததில் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, டாக்டர் புகை பத்திக் கேட்டாரே."

"கேட்டாரு, சொல்லிட்டேன்."

"சில பேருக்குப் புகையாலயே ஏறுமாமே."

"அது நேர்ச்சை எடுக்காத ஆளுங்களுக்கு." சிலுவைராஜ் மோர்க் கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு வந்தது வேற பிலோமி. அந்தோனியாரு கணக்கு. வயித்தத் தொறக்கட்டும். தொறந்தாத்தான் தீரும்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த மனிதர் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. பொய் சொன்னதற்குத் தண்டனையாக வயிற்றைக் கொடுக்கப் பார்க்கிறார். எண் ஏறியது சிகரெட்டால் அல்ல, சிகரெட்டைக் கண்டு கோபித்த புனிதரால் என்று முடிவு கட்டியிருக்கிறார். கத்தோலிக்கரால் மட்டுமே இப்படி ஒரு முட்டாள்தனத்தை இவ்வளவு பக்தியோடு செய்யமுடியும்.

மறுநாள் ஜமால் முகம்மதுவின் கடைக்குப் போனாள்.

"பாய், எங்க வீட்டுக்காரருக்கு இனிமே குடுக்காதீங்க."

ஜமால் முகம்மது எதைக் குடுக்கவேண்டாம் என்று கேட்கிற ஆள் இல்லை. "நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவாரு அக்கா. அவன் பாக்கெட்டாத்தான் விப்பான். என்கிட்ட ஒண்ணு ரெண்டோட போகுது."

"அவருக்குத் திரும்ப ஆப்பரேஷன்னு சொல்றாங்க."

ஜமால் முகம்மது சிகரெட் பெட்டியை மூடி வைத்தார். "நீங்க அவர்கிட்டயே தெரியும்னு சொல்லிடலாமேக்கா?"

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? இல்லவே இல்லை என்பார். சிலுவைமேல் சத்தியம் செய்வார். பாவத்தின் மேல் பாவம் ஏறி, கத்தியின் மேல் ஆசை கூடும். டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாம். சொன்னால் அல்போன்சம்மாள் காதுக்கு எட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்கு முழுக்கப் பரவும். மனசுதான் தம்பி என்று தோளில் கைவைத்த மனிதர் அதற்குப் பிறகு அந்தக் கோயில் படியை மிதிக்கமாட்டார். குடல் இல்லாமல் இருந்துவிடுவார், கோயில் இல்லாமல் இருக்கமாட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட உடற்கூறு அது.

அறுவைக்கு நாள் குறிக்கப் போனார்கள். டாக்டர் சம்மதத் தாளை நீட்டினார். சிலுவைராஜ் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடுமுன் சிலுவை போட்டுக்கொண்டார். கதவருகே அல்போன்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர்" என்றாள் பிலோமினம்மாள். "நான் குடிக்கிறேன்."

"என்ன குடிக்கிறீங்கள்?"

"சிகரெட்டு."

பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. சுங்கடிச் சேலையும், தலையில் விற்றுமிஞ்சிய மல்லிகையும், கழுத்தில் ஜெபமாலையுமாக உட்கார்ந்திருந்த ஐம்பத்தைந்து வயதுக்காரியை டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களோ?"

"ஆமா. வீட்டுலதான். கதவ சாத்திக்கிட்டு. அந்தப் புகையெல்லாம் இவருக்குத்தான் போகுது. பாவம், இவரு வாயத் தொறந்து சொல்லமாட்டாரு."

"எந்தச் சிகரெட்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "கிடைச்சத" என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு சிலுவைராஜைப் பார்த்தார். சிலுவைராஜின் முகம் பூக்கடை வாளியில் முந்தாநாள் மிஞ்சிய சாமந்தி நிறத்தில் இருந்தது. பக்கத்தில் இருப்பவர் புகையால் எண் இவ்வளவு ஏறாது என்பது டாக்டருக்குத் தெரியும். பேரின்பநாயகத்துக்கும் ஒரு மனைவி இருந்தார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரி அம்மா. ரெண்டு மாசம் நீங்கள் ஒரு சிகரெட்டும் தொடக்கூடாது. ஒண்டும். பிறகு இவருக்கு இரத்தம் எடுத்துப் பாப்பம். எண் இறங்கினால் கத்தி வேண்டாம். இறங்காட்டி அடுத்த நாளே கீறுவன், அதுக்கு மேல பொறுக்கமாட்டன். நீங்கள் களவாக ஒண்டு பிடிச்சாலும் இவர்ர வயித்திலதான் விடியும். விளங்குதோ?"

இந்த 'விளங்குதோ'வை அவர் சிலுவைராஜைப் பார்த்துக் கேட்டார்.

 தோ பாயோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், சிலுவைராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். கிராம்பு. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பல் வலி போய்விட்டது என்று அவரும் சொல்லவில்லை.

அந்த இரண்டு மாதமும் வீட்டில் பெரும்பாடு. சிலுவைராஜ் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். சமையலறையில் இருந்த போத்தல், டப்பா அத்தனையிலும் லேபிளைச் சுரண்டி எறிந்தார். எதில் சீரகம், எதில் சோம்பு என்று திறந்து மோந்து பார்த்துத்தான் அவள் சமைக்கவேண்டியிருந்தது.

பங்குக்கோயிலில் நடந்தது வேறு. பூசையில் அவள் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனார்கள். பாடகர் குழுவில் ஒருத்தி இரகசியமாகப் புதினா மிட்டாய் கொடுத்தாள். மறைக்கல்வி நடத்தும் உபதேசியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்.

"வருத்தப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்டயே மனசு விட்டுப் பேசுங்க. எத்தனையோ பேர நிப்பாட்டியிருக்காரு."

"பேசுறேன்" என்றாள் பிலோமினம்மாள்.

பூக்கடையில் தங்கம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரவழைத்துக்கொண்டாள். "நீ குடிச்சா எனக்கு வாசம் தெரியாதாடி? மல்லிகைய விட்டுட்டுப் போய் அந்தக் கருமத்தப் பிடிச்சேன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"வேற யாருக்கும் வாய் வரலையேக்கா."

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியார் அவள் வாயைத் திறக்குமுன்னே கனிவோடு கேட்டார்.

"எத்தனை சிகரெட் மகளே?"

"ஒண்ணும் இல்ல சாமி. குடிக்காததுதான் பாவம்."

திரைக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. பிறகு, பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லும்படி கட்டளை வந்தது. வழக்கமாகக் கொடுப்பதைவிடக் குறைவு.

இரண்டு மாதம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். தாள் வருவதற்குள் சிலுவைராஜ் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்வந்தார். டாக்டர் பேரின்பநாயகம் தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு பிலோமினம்மாள் பக்கம் திரும்பினார்.

"மூண்டு. இறங்கிட்டுது. நல்லாச் செய்திருக்கிறீங்கள் அம்மா."

"கஷ்டமாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்றாள் அவள். அது பொய்யில்லை.

"இனி இந்த எண் ஏறினால் அதுக்குச் சாட்டுச் சொல்ல ஒண்டுமில்லை. ஏறாது எண்டு நான் சொல்லமாட்டன். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வாங்கோ. ரெண்டு பேரும் வாங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தைக் கடக்கும்போது அல்போன்சம்மாள் எல்லோரும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"என்ன பிலோமி, விட்டாச்சா? புருஷன் வயிறு தப்பிச்சதா? நல்லவேளை, நீ குடிச்ச குடிக்கு அந்தப் புண்ணியவான் திரும்பக் கத்திக்குப் போயிருப்பாரு!"

பிலோமினம்மாள் வாசலைப் பார்த்து நடந்தாள். களைப்பு. ஆனால் சிலுவைராஜ் நின்றுவிட்டார். காது சிவந்துபோயிருந்தது.

"அவ குடிக்கல" என்றார். "நான்தான் குடிச்சேன். அந்தோனியாருக்குச் சொன்னதுக்கு மறுவருஷத்துலேருந்து. ஜமால் பாய் கடையில வாங்கிக் குடிச்சேன். அவ வாழ்க்கையில தொட்டதில்ல."

 உபதேசியார் தொப்பியைக் கழற்றினார். அல்போன்சம்மாளின் கண் கலங்கியது. பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா? பெண்டாட்டி பழிய எப்படித் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு! இந்த மாதிரி ஒரு மனுஷன் எந்தப் பங்குல இருக்காரு?"

"நிஜமாத்தான் சொல்றேன்!" என்று சிலுவைராஜ் கத்தினார்.

"தெரியும்ண்ணே, தெரியும்" என்று ஒரு இளைஞன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவர் பேச்சைக் கேட்டுச் சிகரெட்டை விட்டவர்களில் ஒருவன். "இப்பத்தான் உங்க மேல மரியாதை இன்னும் கூடுது."

பேருந்து நிறுத்தம் வரை சிலுவைராஜ் விறுவிறுவென்று நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தனும் நம்பமாட்டேங்கிறானே பிலோமி."

"மூணு வருஷமாப் பாடுபட்டு ஒட்டுன லேபிளு. ஒரு நாள்ல சுரண்டிட முடியுமா?"

அவர் கொஞ்சநேரம் எதிரே போன வண்டிகளைப் பார்த்தார். "உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"பஸ் வருது பாருங்க."

பேருந்து வரவில்லை. வருகிற மாதிரியும் தெரியவில்லை. அவர் திரும்பக் கேட்கவில்லை.

"அடுத்த டெஸ்ட்டுக்கு நான் தனியாவே போய்க்கிறேன்" என்றார். "நீ ஒரு நாள் வீட்டுல படுத்து ரெஸ்ட் எடு."

"அதெப்படி?" என்றாள் பிலோமினம்மாள், கண்ணை மூடிக்கொண்டே. "டாக்டர் புகைக்கிறியான்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியவ நானில்ல?"